சாணி, சாம்பல், முருங்கைப் போத்து

மாடம்பாக்கம் என்றால் வரலாறு எழுதுகிறவர்கள் தேனுபுரீஸ்வரர் கோயிலைத்தான் எழுதுகிறார்கள். சோழர் காலத்துக் கோயில், யானையின் முதுகுபோல வளைந்த விமானம், சுவரெல்லாம் கல்வெட்டு. தேனு என்றால் பசு. கபில முனிவர் சாபத்தால் பசுவாகப் பிறந்து, மண்ணுக்குள் கிடந்த லிங்கத்தின்மேல் பால் சொரிந்தார் என்பது தலபுராணம். நல்லது. பால் சொரிந்த பசு சாணியும் போட்டிருக்கும். அதை அள்ளியது யார் என்று தலபுராணம் சொல்லாது. நான் எழுத வருவது அந்தச் சாணியின் கதையை.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது மாடம்பாக்கம் பேரூராட்சியும் அதில் கலந்துவிட்டது. ஏரியைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள். அந்த வீடுகளில் இன்று 'இயற்கை முறை வீட்டுப் பராமரிப்பு' ஒரு மோஸ்தர். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு போட்டு மூன்று மாதம் ஊறவைத்துத் தரை துடைக்கிறார்கள். பூந்திக்கொட்டை ஊறவைத்துத் துணி துவைக்கிறார்கள். வரட்டியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்கிறார்கள். மொட்டை மாடியில் பைகளில் கத்திரியும் வெண்டையும் வளர்கின்றன. இதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. பினாயில் நெடியைவிட எலுமிச்சை வாசனை மேல். ஆனால் இதையெல்லாம் 'நம் பாட்டிமார்களின் அறிவு' என்று சொல்லும்போதுதான் எனக்கு உறைக்கிறது. எந்தப் பாட்டி? யாருடைய பாட்டி?

எங்க ஆயாவுக்கு இதெல்லாம் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை காலையில், தரை மெழுகுவாள். பசுஞ்சாணி அன்று போட்டதாக இருக்க வேண்டும். அடுப்புக்கரியைப் பொடித்து அதில் கலப்பாள், தரை கருகருவென்று வரும். பதம் கேட்டால், "கேவுருக் கூழு கணக்கா இருக்கணும். கெட்டியா இருந்தா வெடிச்சிடும், தண்ணியா இருந்தா மண்ணு மேல வரும்" என்பாள். உள்மூலையில் ஆரம்பித்து, குந்தினபடியே பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து வாசல்படிக்கு வந்து முடிப்பாள். கை போன வளைவு ஒவ்வொன்றும் காய்ந்த பிறகும் தரையில் தெரியும். ஓரத்துக்குச் செம்மண். போகிக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு. சட்டி துலக்கத் தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும். தலைக்குச் சீயக்காய் வாங்கக் காசில்லாத நாளில் களிமண். விளக்குமாறு வாங்கியதே இல்லை. பச்சைத் தென்னை ஓலையைக் கிழித்து ஈர்க்கு எடுத்து அவளே கட்டுவாள். அந்தத் தென்னை எங்களுடையது அல்ல, இதற்குப் பிறகு வருகிறேன்.

இவற்றுக்கு அறிவியல் உண்டா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உண்டு, ஆனால் விற்கிறவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. சாம்பலில் காரம் இருக்கிறது, அது எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சோப்பு மாதிரி வேலை செய்யும். புளியிலுள்ள அமிலம் பித்தளையின் களிம்பைக் கரைக்கும். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரைக்கும் பொருள் இருக்கிறது. சுண்ணாம்பின் காரம் கிருமியைக் கொல்லும். சாணியைப் பற்றி மட்டும் நிதானமாகப் பேச வேண்டும். மண் தரையின் புழுதியைச் சாணியிலுள்ள நார் பிடித்துக்கொள்கிறது, வெடிப்பை அடைக்கிறது, தரை வழவழவென்று கூட்டிப்பெருக்க ஏதுவாகிறது. அவ்வளவுதான். அது கிருமிநாசினி என்பது பிரச்சாரம். சாணியில் ரணஜன்னி உண்டாக்கும் வித்துகள் இருக்கலாம், தொப்புள்கொடியில் சாணி பட்டு இறந்த பச்சைக் குழந்தைகள் நம் நாட்டில் ஏராளம். மண் தரையும் சிமெண்டுக்கு வழியில்லாத வறுமையும் இருந்தபோது சாணி ஒரு நல்ல விடை. அதைப் புனிதமாக்கியது வேறு ஆட்கள், வேறு நோக்கத்தோடு.

புனிதம் என்ற இடத்தில்தான் முடிச்சு இருக்கிறது. எங்க ஆயா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊரிலே ஒரு ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டாய் கூட்டினாள். விடியலில் போய்ச் சாணி வாரி, வாசல் கூட்டி, களம் மெழுகி, சாணிக்கூடையை வீட்டுப் பின்புறச் சுவரோரம் வைத்துவிட்டு வர வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் அந்தச் சாணியை எடுத்து, தண்ணீரில் கரைத்து, வாசலில் தெளித்துக் கோலம் போடுவார்கள். உள்ளே அடுப்படியும் அதே சாணியால் மெழுகப்படும். ஆயா அந்த வீட்டு நடையைத் தாண்டியதில்லை. அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "நான் தொட்ட சாணி உள்ள போவும். நான் போவக் கூடாது. சாணி அள்ன கை தீட்டு, சாணி தீட்டு இல்ல. இன்னா நியாயம் பாரு."

இந்த ஒரு வாக்கியத்தை விரித்தால் தீட்டு பற்றிய கோட்பாடு முழுவதும் வந்துவிடும். அழுக்கு என்பது பொருளில் இல்லை. மாட்டின் கழிவைத் தூய்மை என்றும் மாட்டைக் கழுவி மேய்த்தவளைத் தீட்டு என்றும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால், அங்கே பேசப்படுவது சுகாதாரம் அல்ல, யார் எங்கே நிற்க வேண்டும் என்பது. அம்பேத்கர் 1948இல் எழுதிய தீண்டப்படாதவர்கள் பற்றிய நூல், இவர்கள் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள் என்ற கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. அழுக்குத் தொழில் செய்ததால் தீண்டத்தகாதவர்கள் ஆனார்கள் என்ற விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. அழுக்குத் தொழில் செய்தவர்கள் ஆரியரிடையேயும் இருந்தார்கள் என்று எடுத்துக்காட்டினார்.

ஆகவே சுத்தத்தின் வரலாறு இடத்தின் வரலாறும்கூட. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் கல்வெட்டுகளில், வரி கழிக்கப்பட்ட நிலங்களின் பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், குளம், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி. ஆயிரம் ஆண்டுக்கு முன்னேயே ஊரின் வீட்டுநிலம் வேறு, சேரி வேறு என்று கல்லில் வெட்டிவிட்டார்கள். வரி இல்லை என்பதைச் சலுகை என்று சிலர் வாசிக்கிறார்கள். வரி இல்லாத நிலத்தில் குடியிருந்தவனுக்கு அந்த நிலத்தின்மேல் என்ன உரிமை இருந்தது என்று அவர்கள் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை அரசாங்கக் காகிதத்தில் கேட்டவர் நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர். 1891இல் அவர் எழுதிய செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு பஞ்சமி நிலத்துக்கான ஆதாரமாகவே நம் மேடைகளில் பேசப்படுகிறது. அது சரிதான். ஆனால் அந்தக் குறிப்பில் வயலைப் போலவே வீட்டு மனையும் முக்கியம். செங்கல்பட்டு மிராசு கிராமங்கள் நிறைந்த சீமை. எல்லிஸ் துரை 1818இலேயே மிராசு உரிமை பற்றித் தனி நூல் எழுதும் அளவுக்கு இங்கே அது வேரோடியிருந்தது. தரிசு நிலத்துக்கு யாராவது தரகாஸ்து போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. சேரி மனையும் தங்களுடையதே என்று மிராசுதாரர்கள் கோரினார்கள். படியாள் எதிர்த்துப் பேசினால், கூலி கூடக் கேட்டால், வேறிடத்தில் வேலைக்குப் போனால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல முடிந்தது. சங்கிலி வேண்டாம். வீடு நிற்கும் மண் அவனுடையதாக இருந்தால் போதும்.

1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010ஆம் எண் அரசாணை தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்க வழி செய்தது. பஞ்சமி நிலம் அப்படிப் பிறந்தது. ஆனால் மனைக்குச் சட்டம் வரவில்லை. குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தது 1961இல். குடியிருந்த மனை குடியிருந்தவனுக்கே சொந்தம் என்று குடியிருப்பு உடைமைச் சட்டம் வந்தது 1971இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், எண்பது ஆண்டு. இடையில் 1920இல் லேபர் கமிஷனர் பதவி ஏற்பட்டு, சில ஊர்களில் மனை வாங்கிக் கொடுத்தார்கள். 1978இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் கையகப்படுத்தத் தனிச் சட்டம் வந்தது. பஞ்சமி நிலத்தின் கதி எல்லோருக்கும் தெரியும். காரணை நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

இனி தோட்டத்துக்கு வருகிறேன். மனை சொந்தமில்லாதவன் வீட்டுக்குப் பின்னால் என்ன நடுவான்?

எங்கள் பக்கத்துப் பெரியவர்களை இந்தக் கேள்வியோடு நான் பல வருஷமாக விசாரித்து வருகிறேன். கிடைத்த பதில் ஒன்றுபோல இருந்தது. கூரை மேல சொரக்கொடி. வேலியில அவரை. குப்பைமேட்டுல பூசணி, தானா மொளைச்சது. பொறக்கடையில ஒரு முருங்கைப் போத்து. கழுநீர் போற எடத்துல கீரை. மா? தென்ன? புளி? "அதெல்லாம் ஏது நைனா, வுட மாட்டாங்க" என்றார் ஒருவர். இன்னொரு அம்மா இன்னும் கூர்மையாகச் சொன்னார்: "நெலையா நிக்கிற மரம் வெச்சா நாம நெலையா நிக்கப் போறோம்னு அர்த்தமாயிடும் இல்ல?"

இதை வெறும் நினைவு என்று தள்ள வேண்டாம். மரம் வருவாய்த் துறையிலும் ஒரு சாட்சி. புறம்போக்கில் நிற்கும் மரத்துக்குத் தனியாக 2சி பட்டா என்று ஒன்று இருக்கிறது. நிலம் இல்லாமல் மரத்தின் பலனுக்கு மட்டும் உரிமை. ஒரு தென்னை ஐந்தாறு வருஷம் கழித்துத்தான் காய்க்கும். அதை நடுகிறவன் ஐந்தாறு வருஷம் கழித்தும் தான் இங்கேயே இருப்பேன் என்று நினைக்கிறான். அந்த நினைப்புதான் ஆண்டைக்குப் பிடிக்காதது. முருங்கை அப்படியல்ல. போத்து ஒடித்து நட்டால் ஒரு வருஷத்துக்குள் காய் தரும். துரத்தினால் ஒரு கிளையை ஒடித்துக் கையோடு கொண்டுபோய் அடுத்த இடத்தில் நடலாம். சுரைக்கு வேண்டியது ஒரு கை விதை. சேரித் தோட்டத்தின் பயிர்ப் பட்டியல் துரத்தப்படக்கூடியவர்களின் பட்டியல். முருங்கைக்கீரையில் இரும்புச் சத்து இருக்கிறது என்று இன்று பத்திரிகையில் படம் போடுகிறார்கள். எங்கள் பெண்கள் அதைத் தின்றது சத்துக்காக அல்ல, எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய மரம் அது ஒன்றுதான் என்பதால்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். சுத்தம் என்றால் தண்ணீர், தோட்டம் என்றால் தண்ணீர். பொதுக்கிணற்றில் இறைக்க முடியாதவளைப் பார்த்து அழுக்கு என்று சொல்வதைவிட அழுக்கான பேச்சு கிடையாது. 1891 டிசம்பரில் நீலகிரியில் அயோத்திதாசர் கூட்டிய மாநாட்டின் பத்துக் கோரிக்கைகளில் பொதுக் குளம், கிணறு பற்றிய கோரிக்கை இருந்தது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவரும் இதே செங்கல்பட்டு மாவட்டம், கோழியாளத்தில் பிறந்தவர். 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். குளத்தை அவர்கள் மறுபடி 'சுத்தம்' செய்ததும் நினைவிருக்கட்டும். மந்திரம் சொல்லி, பால், தயிரோடு சாணியும் கோமியமும் கலந்து குடம் குடமாக ஊற்றினார்கள். மறுபடியும் சாணி.

அதே 1891 மாநாட்டில் இன்னொரு கோரிக்கை இருந்தது. அதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. சிறைச்சாலை விதிகளில் 464ஆம் பிரிவு பறையர் கைதிகளுக்கே இழிவான வேலைகளை ஒதுக்கியது. அதை நீக்க வேண்டும் என்றது மாநாடு. ஜெயிலுக்குள்ளே போனாலும் சாதி துடைப்பத்தைக் கையில் கொடுக்கிறது என்பதை அயோத்திதாசர் காலத்தவர்கள் கண்டுகொண்டார்கள். 2024 அக்டோபர் 3 அன்றுதான், சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் போட்ட வழக்கில், பல மாநிலச் சிறை விதிகளில் சாதி பார்த்துத் துப்புரவு வேலை ஒதுக்கியதை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. நூற்றுமுப்பத்து மூன்று ஆண்டு. அடுத்த ஆண்டே, 1892இல், சென்னை மகாஜன சபையில் அயோத்திதாசர் கேட்ட கோயில் நுழைவுக்கு மறுப்பு. பள்ளிக்கூடத்துக்கும் தரிசு நிலத்துக்கும் மட்டும் ஒப்புதல். சாமியைவிட நிலத்தை எளிதாகக் கொடுத்தார்கள் என்று பெருமைப்பட வேண்டாம். நிலத்தையும் கொடுக்கவில்லை.

தாம்பரம் எப்படி மாறியது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடியது. 1937இல் கிறித்தவக் கல்லூரி இங்கே வந்தது. பட்டணத்தில் வேலை, தாம்பரத்தில் தோட்டத்தோடு வீடு என்ற ஆசை உத்தியோகஸ்தர்களுக்குப் பிறந்தது. மெள்ள மெள்ளச் சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று வயல்கள் மனைகளாயின. ஏரிப் பாசனம் போனதும் எங்கள் பெண்களுக்கு நடவும் களையெடுப்பும் போயின. அப்போதுதான் அவர்கள் வீட்டுவேலைக்குப் போனார்கள். கவனியுங்கள், ஆயா காலத்தில் பாத்திரம் துலக்கும் வேலைகூட அவளுக்குக் கிடைத்ததில்லை, தொட்டால் தீட்டு. ஊர் நகரமானதும் அம்மா தலைமுறை உள்ளே போனது. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருப் பெயரை மாற்றிச் சொல்லி வேலை வாங்கியவர்கள் உண்டு. குடிக்கத் தனி டம்ளர், பின்வாசல் வழி. வாசல்படியைத் தாண்டியது முன்னேற்றமா என்று கேட்டால், கூலி காசாக வந்தது, அது முன்னேற்றம் என்பேன். களம் மெழுகிய ஆயாவுக்கு மிஞ்சியது பழங்கஞ்சி.

வேலைக்குப் போன அம்மா வீட்டுக்குப் பினாயில் நெடியோடு வந்தாள். விரலிடுக்குகளில் சோடாவும் சோப்புத்தூளும் அரித்த புண். அதற்கு வேப்பெண்ணெய் தடவிக்கொள்வாள். இரசாயனம் இல்லாத சுத்தம் என்று பேசுகிறவர்கள் தங்கள் குழந்தைகள் தவழும் தரையை நினைக்கிறார்கள், அது நியாயம். அந்தத் தரையைத் துடைக்கும் கையையும் நினைத்தால் எலுமிச்சைத் தோல் தண்ணீருக்கு நான் ஆதரவு. வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007இல் நலவாரியம் வந்தது. 2018இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாயிலிருந்து என்று அறிவிப்பும் வந்தது. எங்கள் தெருவில் நான் கேட்ட பெண்களில் அந்த அறிவிப்பைக் கேள்விப்பட்டவர்கள் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு குடியிருப்புச் சங்கம் நடத்திய பயிலரங்குக்கு எங்கள் தெரு அக்கா ஒருவரோடு போனேன். அவர் அங்கே நான்கு வீட்டில் வேலை செய்கிறார். பசுஞ்சாணி கொண்டுவரச் சொன்னதே அவரிடம்தான். பேச வந்தவர் படம் காட்டிச் சாணி மெழுகுவதை விளக்கினார். கரைத்ததைத் தரையில் ஊற்றி மாப்பால் தள்ளினார். டைல்ஸ் மேல் சாணி எப்படி நிற்கும்? வழுக்கிக்கொண்டு போனது. ஓரமாக நின்ற அக்கா, "அது மண்ணுத் தரைக்குங்க" என்று மெதுவாகச் சொன்னார். யாரும் திரும்பவில்லை. முடிந்ததும் அந்த டைல்ஸைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். கழுவினார். அரைமணி நேரத்துக்குக் காசு கேட்டு வாங்கிக்கொண்டும் வந்தார், அது எனக்குப் பிடித்திருந்தது.

மொட்டை மாடித் தோட்டத்துக்கு அரசாங்கத் தோட்டக்கலைத் துறை பை, தென்னைநார்க் கழிவு, விதை எல்லாம் சேர்த்து மானிய விலையில் கொடுக்கிறது. அதற்கு 'மாடித்தோட்டத் தளைகள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தளை என்றால் விலங்கு என்றும் பொருள். வேண்டுமென்றே வைத்திருக்க மாட்டார்கள். தொகுப்பு வீட்டின் கான்கிரீட் கூரை பைகளின் பாரம் தாங்குமா என்பது தனிப் பேச்சு. மழைக்கே ஒழுகும் கூரைகள் எங்கள் காலனியில் இருக்கின்றன. ஆனாலும் வாளியிலும் பெயிண்ட் டப்பாவிலும் உடைந்த குடத்திலும் செடி இல்லாத வாசல் இங்கே அபூர்வம். கனகாம்பரம், கற்பூரவல்லி, கத்திரி, ஒரு கறிவேப்பிலை. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகிறது. இதற்கு யாரும் பயிலரங்கு நடத்தவில்லை.

இப்போது ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன். காலனியில் நிற்கும் மரங்களை வீடுவீடாக எழுதுகிறேன். எந்த மரம், யார் நட்டது, பட்டாவுக்கு முன்னா பின்னா. சேரியின் நிலவரலாற்றுக்கு நம்மிடம் ஓலையும் செப்பேடும் இல்லை, மரம் இருக்கிறது. மற்ற ஊர்த் தோழர்களும் இதைச் செய்யலாம், ஒரு நோட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும். பெரியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும். இதுவரை எழுதியதில் பட்டாவுக்கு முந்தியதாக ஒரு தென்னைகூட இல்லை. பழைய மரங்களெல்லாம் முருங்கைதான், அதுவும் பழைய மரத்தின் போத்திலிருந்து வந்த போத்து. மேலக்கோடி வீட்டில் ஒரு மாமரம் இருக்கிறது. பட்டா கைக்கு வந்த வாரத்தில் நட்டதாக அந்த வீட்டு ஆயா சொல்கிறார். தேதி தெரியாது, ஆடி மாசம். காய் சுத்தப் புளிப்பு, ஊறுகாய்க்குத்தான் ஆகும்.